மவுஸ்ல இழுத்து வச்சே வெப்சைட் கட்டலாம், பெரியப்பா கடைக்கு செஞ்ச கதை

கோவில்பட்டில எங்க பெரியப்பாவுக்கு கடலை மிட்டாய் கடை. கொஞ்ச வருஷம் முன்னாடி ஒருத்தர் கடைக்கு வெப்சைட் போட்டுக் குடுத்தாரு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா டொமைனை (சைட்டோட பேரு, அதாவது அட்ரஸ்) அவரோட மெயில் ஐடில அவரோட அக்கவுண்ட்லயே வாங்கி வச்சிருக்காருன்னு எங்க யாருக்கும் தெரியல. ஒருநாள் ரினியூவல் தேதி தாண்டிப் போச்சு, சைட்டும் போச்சு, போன் பண்ணா சுவிட்ச் ஆஃப். "நம்ம கடைப் பேரை நம்மளே திரும்ப வாங்கணுமாலே?"ன்னு பெரியப்பா கேட்டாரு, என்னத்த சொல்ல.

அதனால எடிட்டரைத் தொடுறதுக்கு முன்னாடியே ஒன்னு. டொமைன், ஹோஸ்டிங் (சைட்டோட ஃபைல் எல்லாம் இருக்கற வாடகை எடம்) ரெண்டையும் கடைக்காரர் மெயில்ல, கடைக்காரர் போன் நம்பர்ல, அவரோட யுபிஐ இல்லன்னா கார்டுல வாங்குங்க, நீங்க சொந்தக்காரப் பையனாவே இருந்தாலும் சரி. மொதல் வருஷ ரேட்டை மட்டும் பெருசா காட்டுவாங்க, ரெண்டாவது வருஷ ரேட் கீழ பொடி எழுத்துல இருக்கும், அதைப் பாத்துட்டு வாங்குங்க.

சாஃப்ட்வேருக்கு வருவோம். நான் காலேஜ் படிக்கிறப்ப கத்துக்கிட்டது டிரீம்வீவர், 1997ல மேக்ரோமீடியா கொண்டுவந்தது, 2005ல அடோபி அந்தக் கம்பெனியையே வாங்கிருச்சு. அதுலயும் கண்ணால பாத்துக்கிட்டே டிசைன் பண்ணலாம், ஆனா ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஃபைல், போன் நம்பர் மாறுச்சுன்னா பதினாலு பக்கத்தையும் தொறந்து மாத்தி ஒவ்வொன்னா அப்லோட் பண்ணணும் (டெம்ப்ளேட்னு ஒரு வசதி அதுலயே இருந்துச்சு, எங்களுக்கு யாரும் சொல்லித் தரல). இப்ப சின்னக் கடைக்கு சைட் கட்டவும் மேனேஜ் பண்ணவும் நான் சொல்றது வேர்ட்பிரஸ்ங்கற சாஃப்ட்வேர்தான். 2003ல வந்தது, காசு கிடையாது, 2018 டிசம்பர்ல வந்த 5.0ல இருந்து பிளாக் எடிட்டர் (துண்டு துண்டா அடுக்கி பக்கம் கட்டுற எடம்) கூடவே வருது, அதனால அதே வேலைக்கு தனியா பேஜ் பில்டர்னு எதையும் மொதல்லயே காசு குடுத்து வாங்காதீங்க. வேர்ட்பிரஸ் டாட் காம் வேற, டாட் ஆர்க் வேற: டாட் காம்ல இடமும் அவங்களே தருவாங்க, அவங்க பிளானுக்குத் தகுந்த மாதிரிதான் ஆட முடியும், டாட் ஆர்க்ல சாஃப்ட்வேரை எடுத்து நம்ம ஹோஸ்டிங்ல போட்டுக்கறது. பெரியப்பாவுக்கு ரெண்டாவதுதான் போட்டேன், ஒரு தடவை சூடு பட்டாச்சுல்ல.

கத்துக்கறதுக்கு ஹோஸ்டிங் கூட வேண்டாம். வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட்னு தேடுங்க, பிரவுசருக்குள்ளயே முழு வேர்ட்பிரஸும் ஓடும், எதை வேணா ஒடைக்கலாம், சேவ் பண்ணாம டேபை மூடுனா எல்லாம் போயிடும் அவ்ளோதான். ரெண்டு சாயங்காலம் அதுல விளையாடிட்டு நெஜ சைட்டுக்கு வாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து கடைக்கு வர்ற ஆளு என்ன கேப்பாருன்னு எழுதுங்க. எங்களுக்கு வந்தது நாலே நாலு: கிலோ என்ன வெலை, வெளியூருக்கு அனுப்புவீங்களா, எத்தன நாள் கெடாது, கடை எங்க இருக்கு. இந்த நாலுக்கும் மொதல் பக்கத்துலயே பதில் இருந்தா சைட் பாதி முடிஞ்ச மாதிரி. பெரியப்பா கடை வரலாறு வேணும்னாரு, 2020ல கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு புவிசார் குறியீடு கெடச்சதையும் போடணும்னாரு, அதுக்கு தனிப் பக்கம் போட்டுக் குடுத்துட்டேன், மொதப் பக்கத்துல வெலைதான்.

எடிட்டர்ல எல்லாமே பிளாக்தான், ஒரு பாரா ஒரு பிளாக், ஒரு படம் ஒரு பிளாக். காலி வரில ஸ்லாஷ் குறி தட்டுனா லிஸ்ட் வரும், அதுல எடுத்துக்கலாம். ஒன்னுக்குள்ள ஒன்னு போட்டு எது எதுக்குள்ள இருக்குன்னே தெரியாம முழிப்பீங்க பாருங்க, அப்ப மேல இருக்கற லிஸ்ட் வியூவைத் தொறங்க, மரம் மாதிரி எல்லாம் வரிசையா தெரியும், எனக்கு இது தெரியாம மூணு நாள் போச்சு. பக்கத் தலைப்புதான் மொதல் ஹெட்டிங், அதுக்குக் கீழ ஹெட்டிங் 2, அதுக்குள்ள 3ன்னு வரிசையா போங்க, எழுத்து பெருசா தெரியணும்னு மட்டும் ஹெட்டிங் போடாதீங்க, அளவு மாத்த தனியா எடம் இருக்கு. போன் நம்பர், நேரம், விலாசம் இதெல்லாம் பல பக்கத்துல வரும்ல, அதை சிங்க்டு பேட்டர்னா ஒரு தடவை செஞ்சு வச்சுட்டா ஒரு எடத்துல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறிடும், அந்தப் பதினாலு பக்கப் பொழப்பு இனி இல்ல. வாட்ஸப் பட்டனுக்கு லிங்க் குடுக்கறப்ப நம்பருக்கு முன்னாடி 91 போடுங்க, பிளஸ் குறியும் நடுவுல ஸ்பேஸும் கூடாது.

இப்ப தமிழ்ல சைட் போடுறவங்களுக்கு மட்டும் வர்ற தலைவலி, இதை எந்த இங்கிலீஷ் வீடியோவுலயும் சொல்ல மாட்டாங்க. மொதல்ல லிங்க். தலைப்பைத் தமிழ்ல அடிச்சா வேர்ட்பிரஸ் லிங்க்கையும் தமிழ்லயே எடுத்துக்கும், ஆனா உள்ளுக்குள்ள ஒவ்வொரு எழுத்தையும், அதுக்கு மேல கீழ வர்ற புள்ளி, கொம்பு, கால் எல்லாத்தையும் தனித்தனியா சதவீதக் குறி போட்ட ஒன்பது ஒன்பது கேரக்டரா மாத்தி வைக்கும், மொத்தம் 200தான் லிமிட். கணக்குப் போட்டுப் பாருங்க, "கோவில்பட்டி கடலை மிட்டாய்"ங்கறதே 209 வந்துரும், கடைசி புள்ளி வெட்டுப்பட்டு லிங்க் "மிட்டாய"ன்னு நிக்கும்! அதை வாட்ஸப்ல அனுப்புனா பல நேரம் ஒரு முழம் நீளத்துக்கு சதவீதக் குறியா வந்து விழும், பாக்கறவங்க வைரஸ்னு நெனச்சு தொட மாட்டாங்க. அதனால செட்டிங்ஸ்ல பெர்மாலிங்க்ஸ் போய் போஸ்ட் நேம்னு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் வலது பக்கம் இருக்கற ஸ்லக்ல (லிங்க்கோட கடைசித் துண்டு) இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு மூணு வார்த்தை கையால அடிச்சுடுங்க, பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடியே.

அப்புறம் ஃபாண்ட். தீம்ல (சைட்டோட ரெடிமேட் தோற்றம்) இருக்கற அழகான ஃபாண்ட் பலதுல தமிழ் எழுத்தே இருக்காது, அதனால ஒவ்வொரு போன்லயும் அந்தந்த போனோட தமிழ் எழுத்து வரும், நம்ம டிசைன் பண்ணது ஒன்னு தெரியறது ஒன்னு. வேர்ட்பிரஸ் 6.5க்கு அப்புறம் ஃபாண்ட் லைப்ரரி எடிட்டர்லயே இருக்கு, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன் எதாவது ஒன்னு எடுத்துப் போடுங்க, வரி இடைவெளி 1.7 கிட்ட வைங்க, இல்லன்னா மேல வரி கொம்பும் கீழ வரி சுழியும் முட்டிக்கும். நோட்டீஸ் அடிச்ச பிரஸ்ல இருந்து மேட்டரை அப்படியே காப்பி பண்ணீங்கன்னா சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தா கொட்டும், பழைய பாமினி மாதிரி ஃபாண்ட்ல அடிச்சிருப்பாங்க, யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர் நெறைய இருக்கு, மாத்திட்டு ஒரு தடவை எழுத்தெழுத்தா படிச்சுப் பாருங்க.

போட்டோ எல்லாம் போன்ல எடுத்ததை அப்படியே ஏத்தாதீங்க, ஒன்னு நாலஞ்சு எம்பி வரும். அகலம் 1600 பிக்சல் போதும், வெப்பி ஃபார்மேட்ல போட்டா இன்னும் லேசு. ஆல்ட் டெக்ஸ்ட்ல "தேங்காய்த்துருவல் தூவுன கடலை மிட்டாய்"னு படத்துல இருக்கறதை எழுதுங்க, கண்ணு தெரியாதவங்க போன் அதைத்தான் படிச்சுக் காட்டும். முடிச்சதும் கம்ப்யூட்டர்ல பாத்து சந்தோஷப்படாம போன்ல பாருங்க, வர்றவங்க எல்லாம் போன்லதான் வருவாங்க.

சைட்டைத் தொறந்து விடுறப்ப ரீடிங் செட்டிங்ஸ்ல சர்ச் இன்ஜின் வரவேண்டாம்னு ஒரு டிக் இருக்கும், கட்டுறப்ப போட்டு வச்சதை எடுக்க மறந்துடாதீங்க. நான் மறந்தேன், ஒன்றரை மாசம் கூகுள்ல தேடித் தேடி பெரியப்பா என்னைத் திட்டுனதுதான் மிச்சம்.

மேனேஜ் பண்றதுக்கு மாசம் அரை மணி நேரம் போதும். மொதல்ல பேக்கப், அதுக்கப்புறம்தான் அப்டேட், இந்த வரிசை மாறவே கூடாது. பேக்கப் அதே ஹோஸ்டிங்லயே கெடந்தா ஹோஸ்டிங் போறப்ப அதுவும் சேந்து போகும், டிரைவ்லயோ வீட்டுக் கம்ப்யூட்டர்லயோ ஒரு காப்பி வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவை அதை வச்சு வேற எடத்துல சைட் எழுந்து வருதான்னும் பாருங்க. பிளக்இன் (வேர்ட்பிரஸ்ல கூடுதலா சேத்துக்கற வசதி) கொறைய கொறைய நல்லது, எங்க சைட்ல அஞ்சுதான், யூஸ் பண்ணாததை ஆஃப் பண்ணா பத்தாது, அழிச்சிடணும். காசு குடுத்து வாங்கற பிளக்இன்னை யாராவது ஃப்ரீயா தர்றேன்னா வாங்காதீங்க, உள்ள என்ன வச்சிருப்பான்னு தெரியாது.

பெரியப்பாவுக்கு தனி லாகின் போட்டுக் குடுத்தேன், அட்மினிஸ்ட்ரேட்டர் இல்ல, எடிட்டர் ரோல், அதுல பக்கத்தை மாத்தலாம், தீமையும் பிளக்இன்னையும் தொட முடியாது. அட்மின் பாஸ்வேர்டை ஒரு கவர்ல போட்டு ஒட்டி கல்லாவுல வச்சிருக்கு, நான் இல்லன்னாலும் வேற யாராவது தொறக்கணும்ல. போன தீபாவளிக்கு அவரே வெலையை மாத்தப் போய் டேபிளையே அழிச்சுட்டாரு, "ஏலே எல்லாம் போச்சு"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு போன். ரிவிஷன்ஸ்னு இருக்கும் பெரியப்பா, அதைத் தொடுங்க, நேத்து தேதிக்கு இழுங்க, ரீஸ்டோர் குடுங்கன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் "வந்துருச்சு, ஆனா பழைய வெலைல்ல காட்டுது"ன்னாரு.