தீர்ந்துபோன பேட்டரியும் கசிந்த செல்களும்: என் அனுபவம்

எங்கள் குடியிருப்பின் அவசரகாலத் தகவல்தொடர்பு மையத்துக்குரிய பெட்டியை ஒத்திகைக்காகத் திறந்தபோது, அதில் வானொலித் தொடர்புக் கருவிக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி 10.4 வோல்ட் மட்டுமே காட்டியது. வாக்கி-டாக்கி ஒன்றில் அல்கலைன் செல்கள் கசிந்து, தொடுமுனைகளில் வெள்ளைப் படிவு ஏறியிருந்தது. ஓராண்டாக யாரும் பெட்டியைத் தொடவில்லை.

வினிகர் தோய்த்த பஞ்சால் படிவைத் துடைத்து, நன்கு உலரவிட்டதும் வாக்கி-டாக்கி மீண்டும் இயங்கியது. பேட்டரியை மீட்க முடியவில்லை. பயன்படுத்தாமல் கிடக்கும் ஈய-அமில பேட்டரி தானாகவே மின்னேற்றத்தை இழக்கும். அந்நிலை நீடித்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆகவே புதிய பேட்டரியை, ஏறத்தாழ 13.6 வோல்ட்டில் நிலைநிறுத்தி, மின்னேற்றம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஃப்ளோட் சார்ஜருடன் நிரந்தரமாக இணைத்தேன். அல்கலைன் செல்களை இப்போது கருவிக்குள் வைப்பதில்லை; காலாவதித் தேதி தெரியும்படி தனி உறையில் வைக்கிறேன்.

வோல்ட் மீட்டரை மட்டும் நம்புவது போதாது என்பது என் உறுதியான கருத்து. சுமையின்றி, அதாவது எந்தக் கருவியையும் இயக்காதபோது, 12.7 வோல்ட் காட்டும் பேட்டரியும், பேசுவதற்கான பொத்தானை அழுத்தியவுடன் சரியக்கூடும் என்பதால், மாதந்தோறும் ஆன்டெனாவை இணைத்து உண்மையாகவே பேசிப் பார்த்து, அப்போதைய வோல்ட் அளவையும் தேதியையும் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் குறிக்கிறேன். ஆன்டெனா இன்றி ஒலிபரப்பினால் கருவி பழுதாகலாம் என்பதை அத்தாளின் மேலேயே பெரிதாக எழுதியுள்ளேன். நெருக்கடியில் பெட்டியைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம் அல்லவா?