முதலில் ஹார்ன், அப்புறம் யூனிட்

செங்கோட்டையில் எங்களுடையது மைக் செட் கடை. கோயில் கொடைக்குக் குழாய் கட்டுவது அப்பா காலத்துத் தொழில். வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்பவர்களுக்கு மர ஹார்ன் வைத்து ஸ்பீக்கர் செய்து கொடுப்பது நான் சேர்த்துக்கொண்டது. புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். வந்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, எந்த யூனிட் நல்லது?" ஹார்னின் பின்னால் மாட்டி ஒலி எழுப்பும் கம்ப்ரஷன் டிரைவரைத்தான் எங்கள் பக்கம் யூனிட் என்போம். எந்த ஹார்னில் மாட்டப் போகிறீர்கள், கீழே என்ன வூஃபர் (கனத்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), வூஃபர் விட்டு யூனிட் எடுத்துக்கொள்ளும் அதிர்வெண்ணான கிராஸ்ஓவர் எங்கே என்று நான் திருப்பிக் கேட்பேன். இதற்கெல்லாம் பதில் தெரியாமல் பெரிய விலை கொடுத்து யூனிட் வாங்கினால் பணம் போகும், பாட்டு வராது.

யூனிட்டுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவிமாடம் போன்ற மெல்லிய டயாஃப்ரம் ஒன்று, அதன் விளிம்பில் அதை அசைக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில். டயாஃப்ரத்துக்கு எதிரே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில், வளைய வளையமாகப் பிளவுகள் வெட்டிய ஃபேஸ் பிளக். அந்தப் பிளவுகளின் மொத்தப் பரப்பு டயாஃப்ரத்தின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. காற்று அதற்குள் நெருக்கப்பட்டுத்தான் வெளியே வருகிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வென்ட்டும் துராஸும் 1926-இல் உருவாக்கிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 முதல் இன்றைக்கு வருவது வரை அடிப்படை இதுதான். இதன் பலன், ஹார்னில் மாட்டிய நல்ல யூனிட் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 107 முதல் 110 டெசிபல் வரை கொடுக்கும். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் கொடுப்பது 86, 88.

ஆகவே, விளம்பரத்தில் போட்டிருக்கும் வாட் எண்ணை வீட்டுக்காரர் பார்க்கவே வேண்டாம். ஹாலில் சத்தமாகக் கேட்டாலும் அந்த யூனிட்டுக்குள் போவது ஒரு வாட்டில் சிறு பங்குதான். 100 வாட் தாங்குமா, 150 தாங்குமா என்பது மேடை போடுகிறவனின் கவலை. வீட்டில் கவலைப்பட வேண்டியது ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல். 88 டெசிபல் ஸ்பீக்கரில் காதுக்கே எட்டாத 'ஸ்ஸ்' இங்கே அறை முழுக்கக் கேட்கும்.

இப்போது கிராஸ்ஓவர். இதை முடிவு செய்வது யூனிட் அல்ல, வூஃபர். 15 அங்குல வூஃபரின் கோன் உண்மையில் சுமார் 33 சென்டிமீட்டர் அகலம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அந்த இடத்தைத் தாண்டினால் வூஃபர் நேரே மட்டும் அடிக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் குரல் மங்கிவிடும். எனவே 15 அங்குலம் வைத்தால் ஆயிரத்துக்குக் கீழேயே யூனிட்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 700, 800 நல்ல இடம். 12 அங்குலம் என்றால் 1200 வரை போகலாம்.

புனலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். 15 அங்குல வூஃபர் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார். மேலே 1 அங்குல வாயும் (ஒலி வெளியே வரும் துளை) பெரிலியம் என்ற உலோகத்தில் செய்த டயாஃப்ரமும் உள்ள யூனிட் போட வேண்டும் என்பது அவர் ஆசை.

"பெரிலியம்தானே அண்ணாச்சி எல்லாத்துக்கும் மேல?"

"மேலதான் சார், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த யூனிட்டை 1200, 1500-க்குக் கீழ நிம்மதியா இறக்க முடியாது. அதுவரைக்கும் உங்க வூஃபரை இழுத்தா ஆள் பேசுற இடமே கெட்டுப்போகும். அதைப் பெரிலியம் வந்து சரி பண்ணாது."

அவர் கடைசியில் எடுத்தது 1.4 அங்குல வாய், 3 அங்குல அலுமினிய டயாஃப்ரம் உள்ள யூனிட். 800-இல் கிராஸ்ஓவர், பலா மரத்தில் கடைந்த ஹார்ன். இன்றைக்கு 15 அங்குல வூஃபரோடு இரண்டு வழி ஸ்பீக்கர் செய்கிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த அளவைத்தான். ரேடியன் கம்பெனியின் 745 இந்த வகை. அதிலேயே பெரிலியமும் உண்டு. பழையதில் ஆல்டெக் 288 இந்த வாய்தான்.

கிராஸ்ஓவரை எவ்வளவு கீழே இறக்கலாம் என்பதில் ஹார்னுக்கும் பங்கு உண்டு. ஹார்ன் பிடிமானம் கொடுக்கும் எல்லைக்குள், அதே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் டயாஃப்ரத்தின் அசைவு இரண்டு மடங்கு. ஹார்னின் கட்-ஆஃபுக்குக் கீழே பிடிமானமே கிடையாது, டயாஃப்ரம் வெறுங்காற்றில் துள்ளும். கட்-ஆஃபைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கில் கிராஸ்ஓவர் வைப்பது என் வழக்கம். 800-க்கு 400 ஹெர்ட்ஸ் கட்-ஆஃப் உள்ள ஹார்ன் என்று வைத்தால், ஒரே விகிதத்தில் விரிந்துகொண்டே போகும் எக்ஸ்பொனென்ஷியல் வளைவில் ஹார்னின் வாய் குறைந்தது 27 சென்டிமீட்டர் விட்டம், நீளம் சுமார் 28 சென்டிமீட்டர் வரும். 500-இல் கிராஸ்ஓவர் வைக்க ஆசைப்பட்டால் அதே கணக்கில் ஹார்னின் வாய் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். வீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு யூனிட்டைத் தேடுங்கள்.

2 அங்குல வாய், 4 அங்குல டயாஃப்ரம் உள்ள பெரிய யூனிட்டுகளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஜேபிஎல் கம்பெனியின் 375, அதன் தொழில்முறை வடிவமான 2440, பிறகு வந்த 2441, டிஏடி 4001 எல்லாம் அந்த வரிசை. 500, 600-இல் ஆணின் குரல் இவற்றில் வரும் கனம் சின்ன யூனிட்டில் வராது. ஆனால் மேலே போகப் போக 2 அங்குல வாய் ஒலியைக் குறுகலாக்கிவிடும். ஏழாயிரத்துக்கு மேல் அலைநீளம் வாயைவிடச் சிறிது, எந்த ஹார்ன் போட்டாலும் விரியாது. பழைய ஜேபிஎல்லில் பத்தாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டியே ஒலி தேயும், அதற்கு மேல் உச்ச ஒலிக்கு மட்டும் 2405 மாதிரி சூப்பர் ட்வீட்டர் வேண்டும். எட்டாயிரத்தில் அலைநீளம் நான்கு சென்டிமீட்டர். ட்வீட்டரை இரண்டு சென்டிமீட்டர் முன்பின் வைத்தாலே யூனிட்டின் ஒலியும் ட்வீட்டரின் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும். பொறுமை இருப்பவர்கள் மட்டும் இந்தப் பாதைக்குப் போகலாம். இல்லையென்றால் ஒரே வாயில் நடுவும் உச்சமும் சேர்ந்து வருகிற பிஎம்எஸ் 4592 மாதிரி கோஆக்சியல் யூனிட் பாருங்கள். இரண்டும் சுமார் 6300-இல் பிரியும், இட விவகாரமே இல்லை.

அடுத்தது உலோகம். ஆட்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். டைட்டானியம் என்றால் அலுமினியத்தைவிட உயர்ந்தது என்று நினைக்கிறார்கள். உலோகத்துக்குள் ஒலி ஓடும் வேகத்தைப் பாருங்கள்: அலுமினியத்தில் நொடிக்குச் சுமார் 5000 மீட்டர், டைட்டானியத்திலும் கிட்டத்தட்ட அதேதான். எடைக்கேற்ற விறைப்பில் இரண்டும் சமம் என்று அர்த்தம். டைட்டானியத்தின் பலம் வேறு, அது எளிதில் சோர்ந்து விரிசல் விடாது. இரவெல்லாம் முழு சத்தத்தில் அடிக்கிற மேடைக்கு அது அவசியம். ஒரு வாட்டுக்குள் கேட்கிற வீட்டுக்கு அந்த பலம் தேவையே இல்லை. என் காதுக்கு வீட்டில் அலுமினியம்தான் இனிமை.

பெரிலியத்தில் வேகம் 12,000-க்கும் மேல். அங்கே வித்தியாசம் நிஜம். 4 அங்குல அலுமினிய டயாஃப்ரம் பத்தாயிரம் வட்டாரத்தில் ஒன்றாக அசைவதை விட்டுத் துண்டு துண்டாக நெளியத் தொடங்கும், பெரிலியம் அதற்கு மேலும் தாங்கும். கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் இலத்தாளம் என்கிற வெண்கலக் கைத்தாளம் அடிக்கிற இடத்தை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினால் பழகாத காதுக்கும் பிடிபடும். அலுமினியத்தில் தாளத்தின் மேல் ஒரு பொடி தூவியது போல் இருக்கும், பெரிலியத்தில் வெண்கலம் வெண்கலமாகவே இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் 4 அங்குலத்தில் பெரிது, 3 அங்குலத்தில் குறைவு, 1 அங்குல வாய் யூனிட்டில் இன்னும் குறைவு. சின்ன யூனிட்டுக்குப் பெரிலியம் விலை கொடுப்பதற்கு முன் இதை யோசியுங்கள். பழைய ஜேபிஎல் 4 அங்குலம் கையில் இருப்பவர்கள் ட்ரூஎக்ஸ்டென்ட் பெரிலியம் டயாஃப்ரம் மட்டும் வாங்கிப் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. பெரிலியத் தூள் நுரையீரலுக்குள் போனால் தீராத நோய் வரலாம். முழுதாக இருக்கும் டயாஃப்ரத்தால் ஆபத்தில்லை. உடைந்துவிட்டால் பெருக்காதீர்கள், ஊதாதீர்கள், வேக்குவம் போடாதீர்கள். கையுறை போட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பையில் போட்டு ஒட்டிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹார்ன் தொண்டையில் ஒரு வலை கட்டாயம்.

உலோகமே இல்லாமலும் நன்றாகச் செய்கிறார்கள். 2013-இல் வந்த ஜேபிஎல் எம்2 ஸ்டுடியோ ஸ்பீக்கரின் யூனிட்டில் இருப்பது பிளாஸ்டிக் வளையங்கள் இரண்டு. வளையம் குறுகலாக இருப்பதால் நெளிய இடமே குறைவு. பிஎம்எஸ்ஸும் இதே வழிதான்.

வரைபடம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எந்த யூனிட்டும் 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இயல்பாகவே இறங்கும், ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும்போதெல்லாம், 6 டெசிபல் வீதம். டயாஃப்ரமும் காயிலும் சேர்ந்த எடைதான் காரணம். எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் ஹார்னில் மாட்டினால் இந்த இறக்கம் அப்படியே கேட்கும், டிஎஸ்பியில் (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) தூக்கிவிட வேண்டும். ஒலியை நடுவில் குவிக்கும் ஹார்னில் அதே யூனிட் நேர்கோடாகத் தெரியும். ஆகவே எந்த ஹார்னில் அளந்தார்கள் என்று பார்க்காமல் இரண்டு கம்பெனி வரைபடத்தை ஒப்பிடாதீர்கள்.

மாட்டும் இடம் பொருந்த வேண்டும். 1.4, 2 அங்குல யூனிட்டுகளில் பெரும்பாலும் 102 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட் இருக்கும். 1 அங்குலத்தில் 76 மில்லிமீட்டரில் இரண்டு போல்ட், அல்லது மரை. போல்ட் பொருந்தினால் போதாது. ஹார்ன் தொண்டைக்குள் விரலை விட்டு, யூனிட் முடிந்து மரம் தொடங்கும் இணைப்பைச் சுற்றித் தடவுங்கள். நகம் தட்டுகிற படி இருந்தால் அங்கிருந்து ஒலி திரும்பும். யூனிட்டின் உள்விரிவும் ஹார்னின் தொடக்கக் கோணமும் ஒரே சாய்வில் போக வேண்டும். நான் ஆசாரியிடம் யூனிட்டைக் கொடுத்துவிட்டுத்தான் தொண்டையைக் கடையச் சொல்வேன்.

பழைய யூனிட் வாங்குவதாக இருந்தால் நேரில் போங்கள். 2440, 2441-இன் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். வயதாகி அது கறுப்புப் பொடியாகவோ பிசினாகவோ மாறி டயாஃப்ரத்தின் மேல் கொட்டிக் கிடக்கும். பொடி காயில் இடுக்குக்குள் போயிருந்தால் கரகரப்பு வரும். டயாஃப்ரம் கம்பெனியுடையதா, பிற்பாடு போட்டதா என்று பாருங்கள். ஒரு நகரத்து வியாபாரி எனக்கு ஜோடி என்று விற்றதில் ஒன்றில் அலுமினியம், மற்றதில் டைட்டானியம் இருந்தது. மீட்டரில் இரண்டின் ஓமும் ஒட்டி வர வேண்டும். 8 ஓம் யூனிட் என்றால் 5-க்கும் 7-க்கும் இடையில் எங்காவது காட்டும். பிறகு மெல்லிய சத்தத்தில் 500 ஹெர்ட்ஸிலிருந்து அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் ஸ்வீப் ஒலியை ஓட்டிக் காதைக் கொடுங்கள். ஓரிடத்தில் மட்டும் 'ஜிர்' என்றால் காயில் உரசுகிறது. முடிந்தால் மடிக்கணினியில் ஆர்.இ.டபிள்யூ. என்ற அளவெடுக்கும் மென்பொருளை வைத்து இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடை) வளைவு எடுத்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று போடுங்கள்.

காதால் கேட்கும் சோதனைக்கு நான் நாதஸ்வரம் போடுவேன். அதன் பலமெல்லாம் இருப்பது யூனிட் ஆளும் எல்லைக்குள். சீவாளியின் உறுத்தல் வரலாம், காதைக் குத்தக் கூடாது. அரை மணி நேரம் பாரி நாயனம் ஓடவிட்டு, யாராவது தாமாகச் சத்தத்தைக் குறைக்க எழுந்தால் அந்த யூனிட்டோ ஹார்னோ சரியில்லை.

வாங்கியாச்சு என்றால் ஆம்ப்ளிஃபயரோடு நேரே இணைக்காதீர்கள். டிஎஸ்பி வைத்து ஓட்டினாலும், சுவிட்ச் போடும்போது வரும் ஒரு 'டப்' போதும், டயாஃப்ரம் போய்விடும். தொடரில் ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள். 800 கிராஸ்ஓவருக்கு, 8 ஓம் யூனிட்டுக்கு 100 மைக்ரோஃபேரட், 16 ஓமுக்கு 50. ஹார்ன் நீளத்தால் யூனிட்டின் ஒலி பிந்தி வரும், 28 சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசெகண்ட். அதற்கேற்ப டிலே, அதாவது தாமதம், கொடுக்க வேண்டியது வூஃபருக்கு.

எங்கள் ஊர்ப் பக்கம் ஜூன் தொடங்கிச் சாரல் காலம். மரம் ஊதும், பிறகு சுருங்கும், போல்ட் தளரும். சாரல் முடிந்ததும் ஒருமுறை எல்லாப் போல்ட்டையும் குறுக்காகக் குறுக்காக இறுக்குங்கள். மாட்டாமல் வைத்திருக்கும் யூனிட்டின் வாயை அடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். காந்த இடுக்கில் துரு ஏறினால் அதை எடுப்பது பெரும்பாடு. இன்னொன்று, ஜோடி வாங்கும்போதே உபரி டயாஃப்ரம் ஒன்றையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் அந்த மாடல் நின்றிருக்கும்.