சொத்தைப் பல்லை எதைக் கொண்டு அடைப்பது? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

"சில்வர் வைக்கட்டுமா, பல் நிறத்திலேயே வைக்கட்டுமா?" என்று பல் டாக்டர் கேட்கும்போது நாம் வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடப்போம். நிதானமாக யோசிக்க அது இடமில்லை. காட்பாடியில் தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும், சிஎம்சிக்குப் போனாலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனாலும், கிளம்பும் முன்பே கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். விலையும் நிறமும் கடைசியில் வரட்டும். எந்தப் பல், எவ்வளவு ஆழம், அந்த இடத்தில் எச்சில் படாமல் காக்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். முக்கால்வாசி முடிவு அதிலேயே வந்துவிடும்.

முதல் படி: அடைத்தால் போதுமா?

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருக்கென்று கூசி உடனே நின்றுவிட்டால் பெரும்பாலும் அடைப்பே போதும். ராத்திரியில் தானாக வலித்து எழுப்பினாலோ, சூடாகக் குடித்த பிறகு வலி நெடுநேரம் நின்றாலோ சொத்தை நரம்புவரை போயிருக்கலாம். அதற்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவைப்படலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எந்த அடைப்பு என்று பேசுவதுதான் முறை.

கிராம்பு எண்ணெய் வாசனையோடு ஒரு மருந்தை வைத்து, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினால் அது தற்காலிக அடைப்பு. வலி நின்றுவிட்டதே என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். அது தேய்ந்து ஓரம் விட்டுப்போகும். உள்ளே சொத்தை சத்தமில்லாமல் பெருகும்.

இரண்டாம் படி: எந்தப் பல்?

முன்பல் என்றால் யோசிக்கவே வேண்டாம், பல் நிறத்தில் வரும் காம்போசிட் என்ற பிசின் அடைப்புதான்.

ஈறை ஒட்டிய பள்ளம் வேறு விஷயம். செங்கல்பொடி, சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்துப் பழகிய பெரியவர்கள் பலருக்குப் பல்லின் கழுத்து அரித்துப்போய், ஈறும் இறங்கியிருக்கும். அங்கே ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் அதற்குப் பொருத்தம். பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், ஃப்ளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். பிள்ளைகளின் பால் பற்களுக்கும் இதையே அதிகம் வைக்கிறார்கள். ஆனால் வலு குறைவு. பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில், மென்று அரைக்கும் பரப்பில் இதை மட்டும் நம்பி வைத்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கடைவாய்ப் பல்தான் உண்மையான குழப்பம். வெள்ளி நிற அடைப்பான அமால்கம் மென்று அரைக்கும் பாரத்தை நன்றாகத் தாங்கும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், சாதாரணமாக 10 முதல் 15 ஆண்டு உழைக்கும். காம்போசிட் 7 முதல் 10 ஆண்டு என்று சொல்வார்கள். அமால்கம் பல்லில் ஒட்டாது என்பதால், அது கழன்றுவிடாமல் பிடித்து நிற்க நல்ல பல்லையும் சற்று வெட்ட வேண்டியிருக்கும். காம்போசிட்டுக்குச் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். என்னைக் கேட்டால், சிறிய, நடுத்தர ஓட்டைக்குக் காம்போசிட்டே நல்லது, ஆனால் அடுத்த படியில் சொல்வது நடந்தால் மட்டும்.

மூன்றாம் படி: எச்சில் படாமல் வைப்பார்களா?

காம்போசிட் வைக்கும் விதம் இது. பல்லின் பரப்பை அமில ஜெல்லால் சில வினாடிகள் சொரசொரப்பாக்கிக் கழுவுவார்கள். ஒட்டும் திரவம் தடவி, 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒவ்வொரு அடுக்காக வைத்து, நீல ஒளி காட்டி இறுகச் செய்வார்கள். நடுவில் எச்சிலோ ரத்தமோ பட்டால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. ஓரத்தில் இடுக்கு விழுந்து மறுபடி சொத்தை வரும். அதனால் "ரப்பர் டேம் போடுவீங்களா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பல்லைச் சுற்றி மாட்டும் மெல்லிய ரப்பர் விரிப்பு அது. பஞ்சு வைத்தும் சமாளிக்கலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. ஓட்டை ஈறுக்குக் கீழே போய் ரத்தம் நிற்கவே இல்லையென்றால் காம்போசிட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

நான்காம் படி: பாதரசம் பற்றி

அமால்கத்தின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதியில் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் (இந்தியாவும் அதில் உண்டு) 2022இல் ஒரு முடிவு எடுத்தன: பால் பற்களுக்கும், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், மருத்துவர் அவசியம் என்று கருதினாலன்றி, அமால்கம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் பொதுப் பயன்பாட்டையே நிறுத்திவிட்டது. இதைக் கேட்டுப் பயந்து, வாயில் நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைப் பெயர்க்கச் சொல்லாதீர்கள். பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும். நல்ல பல்லும் சேர்ந்து போகும்.

ஐந்தாம் படி: ஓட்டை பெரிதாக இருந்தால்

பல்லின் மெல்லும் பரப்பில் உள்ள ஒரு மேடே உடைந்திருந்தால் சாதாரண அடைப்பு நெடுநாள் நிற்பது கடினம். அளவெடுத்து லேபில் செய்து ஒட்டும் செராமிக் இன்லே (ஓட்டைக்குள் பொருந்துவது), ஆன்லே (மேட்டையும் மூடுவது) அல்லது கேப் (பல் முழுவதையும் மூடுவது) பற்றிக் கேளுங்கள். செலவு அதிகம், பெரும்பாலும் இரண்டு முறை போக வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: வைத்த பிறகு

அமால்கம் முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. காம்போசிட் அப்போதே இறுகிவிடும். ஆனாலும் மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணியும்வரை எதுவும் தின்னாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். வெற்றிலை போடுகிறவர்களுக்கும் பீடி பிடிக்கிறவர்களுக்கும் காம்போசிட் கறை பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில நாள் கூச்சம் இருப்பது சகஜம். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் அடைப்பு உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். பழகிவிடும் என்று இருக்காமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள்.