கொலுக் குளத்துக்கு டிஷ்யூ பேப்பர் போதும்

கொலுவில் ஏரியோ தெப்பக்குளமோ வைக்கிறவர்கள், ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் ரெசினுக்குச் செலவழிக்க வேண்டாம். ஒற்றை டிஷ்யூ தாளை, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிக்காலால் ப்ளைவுட் துண்டின் மேல் ஒட்டி, ஈரத்தோடேயே தட்டை பிரஷ்ஷால் லேசாகக் குத்தி நெருக்கிச் சுருக்கம் எழுப்பினால் அலை ரெடி. நன்றாகக் காயட்டும், பெங்களூரு செப்டம்பர் மழையில் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் பிடிக்கும். அப்புறம் நடுவில் கரும்பச்சை அக்ரிலிக், கரைக்கு வரவர வெளிர்பச்சை, சுருக்க முகடுகளில் மட்டும் தொட்டும் தொடாமலும் வெள்ளை, கடைசியாகப் பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு. நீலம் எடுக்காதீர்கள், அல்சூர் ஏரியை ஒருமுறை பாருங்கள், தெரியும்!

ஆழத்தை நிற மாற்றமும் ஈரத்தைப் பளபளப்பும் காட்டிவிடுவதால், நிஜமாகவே ஒளி ஊடுருவ வேண்டும் என்பதில்லை. சுருக்கம் ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருப்பதால் சீரியல் லைட் பட்டால் தண்ணீர் போலவே மினுங்கும்.

அடியில் மீனும் கூழாங்கல்லும் தெரிய வேண்டிய தெளிந்த நீருக்கு இது ஆகாது, அதற்கு ரெசின்தான். நிஜத் தண்ணீர் படும் இடத்திலும் வேண்டாம், ஃபெவிக்கால் ஊறிவிடும். தெர்மாகோல் மேல் செய்தால் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீர்கள், தெர்மாகோலே கரைந்துபோகும்; தண்ணீரில் கலக்கும் வார்னிஷை பிரஷ்ஷால் பூசுங்கள்.