பெயின்ட்பாலைப் படம்பிடிக்க

பெயின்ட்பாலில் சாயம் நிரப்பிய உருண்டைகளால் எதிரணியைச் சுடுவார்கள். அந்த உருண்டையைக் கேமராவால் துரத்தாதீர்கள். 17 மில்லிமீட்டர் உருண்டை நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் பறக்கும். நான் ஆட்களைத்தான் பின்தொடர்வேன்.

அணிக்கு ஐவர் ஆடும் ஆட்டத்தில் முதல் சில நொடிகள்தான் உயிர். ஒலி கேட்டதும் பத்துப் பேரும் காற்றடைத்த தடுப்புகளை நோக்கிப் பாய்வார்கள். அதற்காகவே ஒரு கேமராவை உயரத்தில், மைதானம் முழுக்கத் தெரியும்படி நிறுத்துங்கள். யார் எங்கே பதுங்கியிருக்கிறார் என்பது தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு ஆட்டமே புரியாது.

அப்புறம் இரண்டாவது கேமரா. ஆட்டக்காரர்கள் ‘பாம்பு’ என்று சொல்லும் தாழ்ந்த, நீளமான தடுப்பின் பக்கம், மைதானத்தைச் சுற்றிக் கட்டிய வலைக்கு வெளியே, தரையோடு தரையாக. ஊர்ந்து முன்னேறுபவரின் பதற்றம் அங்கேதான் கிடைக்கும். நொடிக்கு 120 ஃபிரேம் வைத்து மெதுவாக ஓட்டினால் சாயம் சிதறுவது அவ்வளவு அழகாக வரும்! கேமரா தானாகவே குவியும் ஆட்டோஃபோகஸை மட்டும் அணைத்துவிடுங்கள். என் முதல் ஆட்டம் முழுக்க வலைதான் பளிச்சென்று பதிவாகியிருந்தது.

வலைக்குள் போனால் முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது.