ஓர் ஆசிரமத்தைக் குழந்தைகள் இல்லமாக மாற்றுவது எப்படி?

துறவிகளின் எண்ணிக்கை குறைந்து, பெரும்பாலான அறைகள் பூட்டியே கிடக்கும் ஆசிரமங்களின் அறங்காவலர்களுக்கு, அந்த இடத்தையும் அன்னதானக் கூடத்தையும் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தந்துவிடலாமே என்ற எண்ணம் எழுவதுண்டு. போற்ற வேண்டிய எண்ணம் அது. நம் ஊரில் இதற்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். ராமகிருஷ்ணரின் சீடரும் 1897இல் சென்னைக்கு வந்தவருமான சுவாமி ராமகிருஷ்ணானந்தர் மடம் நடத்திய, கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில்தான், பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அதே சுவாமியின் ஆசியோடு 1905இல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் ஏழை மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்தது. ஆனால் ஆசிரமத்துக்கு வருபவர் தாமாக விரும்பி வருகிறார். இல்லத்துக்கு வரும் குழந்தை அப்படி வருவதில்லை. கீழே சொல்லப்படும் மாற்றங்கள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் படிக்க வேண்டும். வழிபாடும் ஆன்மிகப் பயிற்சியும் மட்டுமே நோக்கங்களாக எழுதப்பட்டிருந்தால், குழந்தைகள் பராமரிப்பையும் அதில் சேர்க்க வேண்டியிருக்கும். நோக்கங்களைத் திருத்தும் அதிகாரத்தைப் பத்திரமே அறங்காவலர்களுக்குத் தந்திருக்கிறதா, நீதிமன்றத்தை அணுக வேண்டுமா என்பதை வழக்கறிஞரிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை, நோக்கத்தை மாற்றியபின் அங்கும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது பதிவு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 41ஆவது பிரிவின்படி, அரசின் நிதி பெற்றாலும் பெறாவிட்டாலும், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவின்றி நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அடுத்த பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது தொடர்பான வழக்கில், எல்லா இல்லங்களின் பதிவையும் அந்த ஆண்டு இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்று 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனவே விண்ணப்பத்தோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையைப் பரிசீலித்த பிறகே மாநில அரசு பதிவு வழங்குகிறது. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

பதிவு கிடைக்கும்வரை ஒரு குழந்தையைக்கூடச் சேர்க்காதீர்கள். கிடைத்த பின்னும், யாரோ கொண்டுவந்து விட்டார்கள் என்பதற்காக நீங்களாகவே சேர்த்துக்கொள்ளக் கூடாது. வாசலில் விடப்பட்ட குழந்தையைப் பற்றிக் காவல் துறைக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ உடனே தெரிவித்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எந்தக் குழந்தை எங்கே தங்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் குழுதான். சரணடைந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற மரபில் ஊறியவர்களுக்கு இது கடினமாகத் தோன்றும். ஆனால் தேடிக்கொண்டிருக்கும் தாயிடம் அந்தக் குழந்தை திரும்பிச் சேர்வதற்கு இந்த நடைமுறையே வழி.

கட்டடத்தைப் பொறுத்தவரை, பெரிய தியான மண்டபம் இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் 50 குழந்தைகளுக்கு வகுத்த அளவின்படி, 25 பேர் உறங்க 1,000 சதுர அடி வேண்டும். அதாவது ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி. அதோடு ஐம்பது பேருக்குமாக எட்டுக் கழிப்பறைகளும் ஐந்து குளியலறைகளும், உடல்நலம் குன்றியவர்களுக்கான அறையும், நூலகமும், ஆற்றுப்படுத்துநர் குழந்தையிடம் தனியே பேசுவதற்கான அறையும் வேண்டும். கிணற்றுக்கும் திருக்குளத்துக்கும் கம்பி வலை அமையுங்கள். குருவின் சமாதி வளாகத்துக்குள் இருந்தால், உறங்கும் அறையின் சன்னல் அதை நோக்கி அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு அது புனிதமான இடம். ஏழு வயதுக் குழந்தைக்கோ இரவில் அச்சம் தரும் இடமாகிவிடலாம்.

என் கருத்தில், இந்த மாற்றத்தில் மிகக் கடினமான பகுதி மனிதர்களைப் பற்றியது. ஆசிரமத்தின் கதவு யாருக்கும் திறந்திருக்கும். குழந்தைகள் இல்லத்தின் கதவு அப்படித் திறந்திருக்க முடியாது. பௌர்ணமிக்கும் குருபூசைக்கும் வந்து இரவு தங்கிச்செல்லும் வழக்கம் இருந்தால், அதை முற்றிலும் நிறுத்துங்கள். அல்லது தனி வாசலும் தனிச் சுற்றுச்சுவரும் கொண்ட வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள். முப்பது ஆண்டுகளாகத் தொண்டு செய்யும் அடியவரானாலும் காவி உடுத்தவரானாலும், காவல் துறைச் சான்று பெறாமல் குழந்தைகளோடு பணியாற்ற இடம் தரக் கூடாது. இதைச் சொல்லும்போது மூத்தவர்களின் மனம் புண்படலாம். எல்லோருக்கும் ஒரே விதி என்பதைப் பொறுமையாக எடுத்துச்சொல்லி, தலைமைத் துறவியே முதல் சான்றைப் பெற்றுவந்தால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று ஐயம் எழுந்தாலோ, ஆசிரமத்தின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளேயே பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். அடிப்பதும் தண்டனைக்குரிய குற்றமே.

அன்றாட ஒழுங்கையும் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். பிரம்ம முகூர்த்தத்தில் எழுவது சாதகருக்கு உகந்தது. வளரும் குழந்தைக்கு ஒன்பது மணி நேரமாவது உறக்கம் வேண்டும். மௌன வேளை இருந்த மாலைப் பொழுதில் விளையாட்டும் வீட்டுப்பாடமும் இருக்கட்டும். பசனையும் பூசையும் தொடரலாம். ஆனால் வேறு சமயத்துக் குழந்தையும், விருப்பமில்லாத குழந்தையும் கலந்துகொள்ளாமல் இருப்பதற்கு உரிமை உண்டு, அதற்காக முகம் சுளிக்கவும் கூடாது. சாமியார்களின் காலில் விழுவதை நியதியாக்காதீர்கள். சைவ உணவு மட்டுமே சமைக்கும் இடமானால் பருப்பு, பால், சுண்டல் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். பள்ளியில் சத்துணவோடு முட்டை சாப்பிடும் குழந்தையிடம் அது பாவம் என்று சொல்லாதீர்கள்.

பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்ய வருபவர்கள் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவும் விரும்புவார்கள். இக்குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. நன்கொடைக்கு ரசீது கொடுங்கள், சமையல் கூடத்தைக் காட்டுங்கள். படத்துக்கு மட்டும் இசையாதீர்கள்.

இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உறவினரோ இருக்கிறார்கள். வறுமையும் நோயும் குடும்பச் சிக்கலுமே அவர்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கம், நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்று சட்டமும் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதி, வீட்டுக்குத் திரும்புவதற்கு என்ன தடை இருக்கிறது என்பதை அதில் குறித்து, அந்தத் தடை நீங்கிவருகிறதா என்று இடைவிடாமல் பார்த்துவாருங்கள். பார்க்க வரும் பெற்றோர் அமர்ந்து பேச நிழலான ஓரிடமும் ஒரு வேளைச் சோறும் ஆசிரமத்தால் எளிதில் தரக்கூடியவை. திரும்ப வீடில்லாத பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்குப் பின் பிற்காப்பு உதவி, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்கான உதவி, பெறும் வழி அதே சட்டத்தின் 46ஆவது பிரிவில் இருக்கிறது. ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் ஆகிய நான்கையும் பதினாறு வயதிலேயே தயார் செய்து அவர்கள் பெயரில் ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள்.