குளம் வற்றும்போதே ஆப்பிரிக்கன் முஷியை ஒழிக்க வேண்டும்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் குளங்களில் ஆப்பிரிக்கன் முஷியை, அதாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி மீனை, அடியோடு எடுக்கச் சித்திரையை விட்டால் வேறு மாதம் கிடையாது. ரெண்டாம் போகம் அறுத்தாகிவிடும், ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வராது, குளம் முழங்காலளவுக்கு இறங்கியிருக்கும். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துப் புதுத்தண்ணீர் கரைப்புல்லில் ஏறினால், அன்று ராத்திரியே முஷி முட்டையிட வந்துவிடும். பெரிய பெட்டை ஒன்றே பல்லாயிரம் முட்டை தள்ளும்.

முதலில் வாய்க்கால் வாயையும் மறுகாலையும் கொசுவலை போன்ற நெருக்கமான நைலான் வலையால் அடையுங்கள். மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வை மூங்கில் கூடைக்குள் இறக்குங்கள். இறைக்கும் தண்ணீர் தென்னந்தோப்புக்குத்தான் போக வேண்டும். ஆற்றிலோ ஓடையிலோ விட்டால் குஞ்சுகளை நாமே அடுத்த ஊருக்கு அனுப்பியதாகும்.

தண்ணீர் இறங்கியதும் விடியற்காலையில் இழுவலை போடுங்கள். வரால், கெண்டை, நாட்டு முஷி எல்லாவற்றையும் உடனே பேரல் தண்ணீருக்கு மாற்றி, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். மூடாவிட்டால் வரால் துள்ளிப் போய்விடும்.

பிரித்தெடுப்பதில்தான் பொறுமை வேண்டும். ரெண்டு கிலோவுக்கு மேல் போன முஷி என்றால் சந்தேகமே வேண்டாம், ஆப்பிரிக்கன்தான். வளர்ந்த மீனின் தட்டைத் தலையை விரலால் தடவினால் சொரசொரவென்று மணல்மணியாகத் தட்டுப்படும். மல்லாக்கப் புரட்டினால் தாடைக்கடியில் நீளவாக்கில் கருப்புப் பட்டைகள் ரெண்டு தெரியும். சாணளவுக் குஞ்சில் இந்த அடையாளங்கள் தெளியாது. தனி வாளியில் போட்டுப் பஞ்சாயத்தின் அக்வா பிரமோட்டரிடம் (மீன்வளர்ப்புக்கு வழிகாட்டும் களப்பணியாளர்) காட்டுங்கள். அவசரத்தில் நாட்டு முஷியைக் கொன்றுவிடாதீர்கள். என் அப்பா காலத்தில் இந்தக் குளத்தில் அது தாராளமாக இருந்தது. இப்போது ஒன்று கண்ணில் பட்டாலே எனக்கு மனசு நிறைகிறது.

தண்ணீர் வற்றினால் வேலை முடிந்தது என்று பலரும் வலையைச் சுருட்டிவிடுகிறார்கள். ஆப்பிரிக்கன் முஷி காற்றைச் சுவாசிக்கிற மீன், சேற்றுக்குள் கிடக்கும். பொழுது சாயும் நேரம் கரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பாருங்கள்: சேறு லேசாக மேடேறும், ஒரு குமிழ் உடையும், மீசை மட்டும் தெரியும். அடியில்லாத மூங்கில் கூடையை, இங்கே ஒத்தல் என்போம், அந்த இடத்தில் அழுத்திக் கவிழ்த்துக் கையுறை போட்ட கையால் எடுங்கள். பக்கத் துடுப்பின் முள் ஆழமாகக் குத்தும்.

பிடித்ததைக் கரையில் எறியவே கூடாது. ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் உயிரோடிருந்து, ராத்திரி ஊர்ந்து பக்கத்துக் குளத்துக்குப் போய்விடும். உச்சந்தலையில் கட்டையால் ஓங்கி ஒரே அடி, பிறகு தலைக்குப் பின்னால் வெட்டு. வதைக்காமல் கொல்வதும் நம் பொறுப்புதான். தென்னங்குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். உயிரோடு யார் கேட்டாலும் தராதீர்கள். இதை வளர்ப்பதை மத்திய அரசு 2000-இலேயே தடை செய்துவிட்டது.

நாட்டு மீன் முழுவதையும் அகற்றிய பிறகே, மிச்ச மீனைக் கொல்லும் இலுப்பைப் புண்ணாக்கைப் போட வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் கணக்கு. 20 சென்ட் குளத்தில் ஓரடித் தண்ணீர் நின்றால் சுமார் 60 கிலோ பிடிக்கும். ராத்திரி ஊறவைத்து, காலை வெயிலில் கரைத்துத் தெளியுங்கள். மூன்று வாரம் மாடு அங்கே தண்ணீர் குடிக்கக் கூடாது. நாட்டு மீன் குளம் மறுபடி நிரம்பும்வரை பக்கத்துக் கிணற்றில் இருக்கட்டும். சேற்றில் புதைந்து கிடப்பது இதற்குத் தப்பிவிடலாம், அதனால் ஒத்தல் வேலையைக் குறைக்காதீர்கள். பிறகு மழை வரும்வரை குளம் வெடிக்கக் காயட்டும்.

சேற்றில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலுக்கு முன்னெச்சரிக்கையாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு டாக்ஸிசைக்ளின் வாங்கிக்கொள்ளுங்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

குளம் நிரம்பினாலும் வாய்க்கால் வலை ஆடி முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். புதிதாகக் குஞ்சு வாங்கினால் பாக்கெட்டை நேராகக் குளத்தில் கவிழ்க்காமல் வெள்ளை பேசினில் ஊற்றிப் பாருங்கள். நீள மீசையோடு ஒன்று நெளிந்தாலும் பாக்கெட் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.